கேட்டதாகச் சொன்னவை

எனக்குக் கேட்காத பறவைகளைக் கேட்டதாகப் பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். அதே பறவைகளை, எனக்குக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்தால், அங்கே இல்லை என்று கணக்கெடுப்பில் எழுதினேன். இரண்டும் பல ஆண்டுகள் நடந்தன. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. என் செவித்திறன் சோதனைத் தாள் 2016ஆம் ஆண்டிலிருந்து மேசை லாச்சிக்குள் கிடந்தது.

இடம், இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள மேல் டெர்வெண்ட் பள்ளத்தாக்கு. ஷெஃபீல்டில் குடியிருக்கும் எனக்குக் காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். டெர்வெண்ட் ஆற்றை மூன்று இடத்தில் மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். மேலே ஹவ்டன், நடுவே டெர்வெண்ட், கீழே லேடிபவர். முதலாவது 1912இல் முடிந்தது, இரண்டாவது 1916இல். லேடிபவரை 1945 செப்டெம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். அந்த நீருக்கு அடியில் ஆஷாப்டன், டெர்வெண்ட் என்று இரண்டு ஊர்கள் போயின. டெர்வெண்ட் ஊரின் தேவாலயக் கோபுரம் மட்டும் நீருக்கு மேலே நின்றது, அதையும் 1947இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடும் வறட்சி வந்தால் இன்றும் வீட்டு அடித்தளங்கள் வெளியே தெரியும். ஜெர்மன் அணைகளை உடைக்கப் போன விமானப்படையினர் 1943இல் தாழப் பறந்து பழகியதும் இங்கேதான். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அந்தக் கதைக்காகவே வருவார்கள்.

நடைக்குழுவாக நாங்கள் பறவைக்காக வருவோம். அணைகளைச் சுற்றிய சரிவுகளில் ஊசியிலை மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். அந்த மரங்களைத் தாண்டி ஏறினால் மூர் என்று இங்கே சொல்லும் மரமில்லாத மேட்டுவெளி. ஹெதர் புதர், பஞ்சுப்புல், கால் வைத்தால் அமுங்கும் கறுப்புப் பீட் மண். ஃபேர்ஹோம்ஸ் கார் நிறுத்தத்தில் தொடங்கி நீரோரமாக நடந்து, ஒரு ஓடைப் பள்ளத்தைப் பிடித்து மேலே ஏறி, ஹவ்டன் மூர் விளிம்புவரை போய்த் திரும்புவது எங்கள் வழக்கம்.

இந்தப் பாதையின் ஒலிகளுக்கு ஒரு வரிசை உண்டு. என் பித்தலாட்டம் முழுவதும் அந்த வரிசையில்தான் ஒளிந்திருந்தது. கீழே ஊசியிலைக் காட்டில் இருக்கும் பறவைகள் மெல்லிய, உச்சக் குரல்காரர்கள். கோல்ட்கிரெஸ்ட் என்ற குட்டிப் பறவை, ஐந்தாறு கிராம்தான் எடை, பிரித்தானியாவிலேயே மிகச் சிறியது. அது பாடுவது ஏழெட்டாயிரம் ஹெர்ட்ஸில். பியானோவின் கடைசி வலப்பக்கக் கட்டை நாலாயிரத்துச் சொச்சம்தான், அதற்கும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே. மரப்பட்டையில் சுற்றிச் சுற்றி ஏறும் ட்ரீகிரீப்பரும் அந்த உயரத்திலேயே கீச்சிடும். மேட்டுவெளிக்குப் போனால் எல்லாமே இறங்கிவிடும். ரெட் கிரவுஸ் அடித்தொண்டையில் கத்தும். கர்லூவின் நீண்ட சீழ்க்கை ஆயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். குயிலினத்தைச் சேர்ந்த குக்கூ ஆயிரத்துக்கும் கீழே. கோல்டன் பிளவரின் துயரச் சீழ்க்கை, மொராக்கோவின் அட்லஸ் மலையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மார்ச் கடைசியில் வந்து பாறை உச்சியில் பாடும் ரிங் ஊசல், இவையெல்லாம் எனக்கு இன்றும் நன்றாகவே கேட்கும்.

மனிதக் காது மேலிருந்து கீழாகத் தேயும். உட்காதின் நத்தைக்கூடு போன்ற குழாயில் வாசலோரம் இருக்கும் மயிர்க்கலங்கள் உச்ச ஒலிக்கானவை, முதலில் சாவதும் அவைதான். செத்தால் திரும்ப முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும் என்று 1980களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்த அன்று பறவைகள்மீது எனக்கு வந்தது வியப்பல்ல, எரிச்சல். நான் வேலைசெய்தது உருக்காலையில். இரைச்சல் தின்ற காதும் முதுமை தின்ற காதும் என்னிடம் ஒன்றாகச் சேர்ந்தன. ஆலையில் காதடைப்பான் கொடுத்தார்கள். போடாதவன் நான்தான்.

முதலில் கண்டுபிடித்தது மனைவி. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வெப்பமானியை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், "இஞ்சேருங்கோ, அது எத்தினை தரம் கத்திப்போட்டுது, இன்னும் எடுக்கேல்லையோ?" என்று அங்கிருந்தே கேட்டாள். எனக்கு அது கத்தவே இல்லை. அப்போது நான் வைத்த வாதம் ஒன்று உண்டு: யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவோடு தொலைபேசியில் மணிக்கணக்கில் கதைக்கிறேனே, ஒரு சொல்லும் தவறுவதில்லையே! பழைய தரைவழித் தொலைபேசி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கடத்தாது என்பது பொறியாளனான எனக்குத் தெரிந்த விஷயம். எனக்கு மிச்சமிருந்த காது அந்தத் தொலைபேசிக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது, அவ்வளவுதான். தெரிந்துகொண்டே வாதாடினேன். பிறகு அவளுடைய தொல்லை பொறுக்காமல் சோதனைக்குப் போனேன். தாளில் கோடு மூவாயிரம் வரை மட்டமாக ஓடி, அதன்பின் மலையிலிருந்து விழுவதுபோல் விழுந்திருந்தது. காதுக்கருவி வேண்டுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏன் மறைத்தேன்? வெட்கம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், அது முழு உண்மையல்ல. இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் நான் ஒன்றைச் சொன்னால் இரண்டாம் தடவை சொல்லச் சொல்வார்கள். என் ஆங்கிலம் அவர்களுக்குப் புரிய நேரம் எடுக்கும். கடையில், வங்கியில், ஆலையில், எங்கும் அப்படித்தான். அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் அது தலைகீழானது. காட்டுக்குள் பறவையைக் கண்ணால் காண்பது அபூர்வம், காதால்தான் பெயர் சொல்ல வேண்டும். எனக்கு அது வந்தது. ஒலிநாடாக்களை வாங்கிப் போட்டுப் போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பாட்டன் பூட்டன் அணைக்கட்டுக்குக் கல் சுமந்தவர்கள், மரத்தடியில் நின்று என் முகத்தைப் பார்த்து "அது என்ன?" என்று கேட்டார்கள். நான் சொன்னதை ஒரே தடவையில் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை. இதைக் காரணமாகச் சொல்கிறேன், மன்னிப்பாக அல்ல. என்னைப்போல் வந்து என்னைவிட அதிகம் அவமானப்பட்டவர்கள் பலர் ஒழுங்காக இருந்திருக்கிறார்கள்.

நடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சேரியில் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பார்த்துத் தாளம் போடுகிறவன் மாதிரிதான் நான் நடந்தேன். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருந்தார், கூர்மையான காது. அவர் தலை சாய்ந்தால் நானும் சாய்ப்பேன். அவர் பார்வை ஊசியிலை மரத்தின் உச்சிக்குப் போனால், "கோல்ட்கிரெஸ்ட்" என்று அவருக்கு முன்னால் சொல்லிவிடுவேன். ஆள் கிடைக்காத நாளில் அனுபவம் கைகொடுத்தது. எந்த மரக்கூட்டத்தில் ஆண்டுதோறும் எது இருக்கும் என்று தெரியும், அங்கே போய் நின்று, ஒரு விரலை உயர்த்தி, "கேட்டீர்களா?" என்பேன். கேளாதவர்கள்கூடத் தலையாட்டுவார்கள். எனக்குத் துணை நின்றது அவர்களுடைய மரியாதை.

அதைவிட எளிய வழி, பாதையை மாற்றுவது. நீரோரக் காட்டில் ஒரு மணி நேரம் மெல்ல நகர்ந்தவர்கள் நாங்கள். "இந்த ஆண்டு கீழே ஒன்றும் சரியில்லை, மேலே போவோம், வெளிச்சம் இருக்கும்போதே ரிங் ஊசல் பார்க்கலாம்" என்று சொல்லி விரட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினேன். மூர் விளிம்பில் நின்று தொலைவில் கேட்கும் ஒரு கர்லூவைச் சுட்டிக்காட்டும்போது என் காதைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வரும்?

2022 வாக்கில் ஓர் இளைஞர் தொலைபேசியில் மெர்லின் செயலியோடு வந்தார். பறவை பாடப் பாடத் திரையில் பெயர் விழும். ஃபேர்ஹோம்ஸிலிருந்து ஹவ்டன் அணை வரைக்கும் அவருடைய திரையில் கோல்ட்கிரெஸ்ட் என்று விழுந்துகொண்டே இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதை முழுக்க நம்பாதீர்கள், ஸ்டார்லிங் கர்லூவைப் போலவே கத்தும், இந்தச் செயலி ஏமாந்துவிடும்" என்றேன். சொன்னது உண்மை. ஸ்டார்லிங் நல்ல மிமிக்ரிக்காரன், செயலியும் பிழை விடும். ஓர் உண்மையை எடுத்துப் பொய்க்கு முட்டுக்கொடுப்பது எவ்வளவு லாவகமாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

இவ்வளவும் வெறும் ஜம்பம், யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் தேற்றிக்கொண்டேன். ஆனால் நான் ஒரு கணக்கெடுப்புச் சதுரத்துக்கும் பொறுப்பாக இருந்தேன்.

பிரித்தானியாவில் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு 1994இல் தொடங்கியது. பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளை முன்னின்று நடத்துகிறது, செய்பவர்கள் தன்னார்வலர்கள். நாடெங்கும் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த ஒரு கிலோமீட்டர் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நேர்கோட்டுப் பாதை, ஒவ்வொரு பாதையும் 200 மீட்டர்த் துண்டுகள். வசந்தத்தில் ஒரு விடியற்காலை, கோடை தொடங்கும்போது இன்னொன்று. கண்டதையும் கேட்டதையும் தூரவாரியாகக் குறிக்க வேண்டும். மிக எளிய வேலை, ஆனால் அதன் கனம் பெரிது. கர்லூவின் எண்ணிக்கை 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று நாடு அறிந்தது இந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்துத்தான். 2015இல் அது சிவப்புப் பட்டியலுக்குப் போனதும் அப்படியே. என் சதுரத்தில் பாதி ஊசியிலைக் காடு, பாதி மூர்.

கூட்டத்தின் நடுவே பொய் சொன்ன நான், தனியாகத் தாளோடு நிற்கும்போது பொய் சொல்லவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். கேட்காததை எழுதவில்லை. கோல்ட்கிரெஸ்ட் கட்டத்தைக் காலியாக விட்டேன், ட்ரீகிரீப்பரையும் அப்படியே. அதுதான் நேர்மை என்று நம்பினேன். அந்த வெற்றுக் கட்டத்தைப் படிப்பவர் "இந்தக் கிழவனுக்குக் காது போய்விட்டது" என்று படிக்க மாட்டார், "பறவை போய்விட்டது" என்றுதான் படிப்பார். நான் ஆண்டுக்காண்டு செவிடாக, என் சதுரத்தில் கோல்ட்கிரெஸ்ட் ஆண்டுக்காண்டு அழிந்துகொண்டு வந்தது.

அதோடு விட்டேனா? 2018 பெப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் சைபீரியக் குளிர்காற்று வந்து நாட்டை உறையவைத்தது. சின்னப் பறவைகளைக் கடுங்குளிர் கொன்றுபோடும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது, 1962–63 குளிர்காலத்தில் கோல்ட்கிரெஸ்டுகள் கூட்டமாகச் செத்தன. நான் என் சதுரத்தின் எண்களை வரைபடமாக்கி, ஓர் ஊர்மண்டபத்தில் பேசினேன். தலைப்பு, குளிரும் சிறு பறவைகளும். இறங்கும் கோட்டைக் காட்டினேன். மக்கள் குறிப்பு எடுத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "குளிருக்கு முன்பே கோடு இறங்கத் தொடங்கிவிட்டதே?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஒற்றைச் சதுரத்தில் இந்த மாதிரி ஏற்ற இறக்கம் சகஜம் என்று மழுப்பினேன். லாச்சிக்குள் கிடந்த தாள் அந்த நேரத்தில் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அதே பேச்சின் இரண்டாம் பாதியில் வேட்டைக்காரர்களைச் சாடினேன். ஆகஸ்ட் 12இல் கிரவுஸ் வேட்டைப் பருவம் தொடங்கும். அந்த வேட்டைக்காக ஹெதரை எரிப்பதும், இரைகொல்லிப் பறவைகளைச் சட்டவிரோதமாகத் தீர்த்துக்கட்டுவதும் இந்த வட்டாரத்தின் தீராத வழக்கு. இதே பள்ளத்தாக்கில் கோஷாக் வல்லூறுகள் ஒரு காலத்தில் பெயர்பெற்றவை. பிறகு கூடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின, அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் 2006இல் இதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. நான் உணர்ச்சிவசப்பட்டுக் குரல் தழுதழுக்கப் பேசினேன். துப்பாக்கியும் பொறியும் இல்லாமல், ஒரு பென்சிலால் ஒரு காட்டின் பறவைகளை இல்லாமல் செய்துவிட்டு அந்த மேடையில் நின்றேன்.

இவையெல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தத் தாதி, நடைக்குச் சேர்ந்த புதிதில், ஹவ்டன் அணைக்குக் கீழே ஓரிடத்தில் நின்று, "ட்ரீகிரீப்பர் பாடுகிறதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "இல்லை, அது கோல் டிட், ஆரம்பத்தில் எல்லாருக்கும் குழம்பும்" என்றேன். பக்கத்தில் கோல் டிட் ஒன்று இருக்கவும் செய்தது. அவர் முகம் சிவந்து, நன்றி சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாய்விட்டு எதையும் சொன்னதில்லை. தலையை மட்டும் சாய்ப்பார். அந்தச் சாய்வைத்தான் நான் ஆண்டுக்கணக்கில் திருடிப் பிழைத்தேன்.

கடைசியில் ஒப்புக்கொள்ள வைத்தது மனச்சாட்சி என்று எழுத ஆசைதான், ஆனால் நடந்தது வேறு. வட அமெரிக்காவின் பறவைக் கணக்கெடுப்பை அலசிய, 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. கணக்கெடுப்பவருக்கு வயது ஏற ஏறப் பல இனங்களை அவர் தவறவிடுவது கூடுகிறது என்று அது காட்டியிருந்தது. யாரோ ஒருநாள் என் சதுரத்தையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள் என்ற பயம் வந்தது. பிடிபடுவதற்கு முன் நானாகப் போய்விடுவது கௌரவம் என்று கணக்குப் போட்டேன். அரசு மருத்துவச் சேவையில் காதுக்கருவி இலவசம், போய் வாங்கிப் போட்டுக்கொண்டேன். உச்ச ஒலியைக் கீழே இறக்கித் தரும் அமைப்பு அதில் உண்டு. மறுநாள் தனியாக நீரோரம் நடந்தேன். நான் வெறுமையாக விட்ட துண்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கோல்ட்கிரெஸ்ட் இருந்தது. குரல் பழைய குரல் அல்ல, கருவி சிதைத்துத் தந்த ஏதோ ஒரு கிறீச்சொலி. அதற்குப் பிறகும் உடனே சொல்லவில்லை. ஒரு பருவம் போகவிட்டேன்.

சொன்னபோது வட்டார ஒருங்கிணைப்பாளர் கோபப்படவில்லை. எந்த ஆண்டிலிருந்து, எந்த இனங்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சோதனைத் தாளின் நகலையும் வாங்கிக்கொண்டார். என் சதுரம் இப்போது நல்ல காதுள்ள வேறொருவரிடம் இருக்கிறது. குழுவில் பலர் முதுகில் தட்டி, வயசானால் வருவதுதானே என்றார்கள். தாதி மட்டும் தட்டவில்லை. "அன்றைக்கு அது ட்ரீகிரீப்பர்தான், இல்லையா?" என்று கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்றேன். "என் காதையே நம்பாமல் இத்தனை வருடம் நடந்தேன்" என்றார். அடுத்த நடைகளுக்கு அவர் வரவில்லை. வேறொரு குழுவோடு போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் செய்தது சரி.

தமிழ்நாட்டிலும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஆர்வமாகப் பலர் இறங்குகிறார்கள், முன்நடத்துகிறவர்களில் என் வயதுக்காரர்களும் இருப்பார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒருமுறை செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள், எத்தனை ஹெர்ட்ஸுக்கு மேல் உங்களுக்குக் கேட்பதில்லை என்பதை ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். கூட வரும் புதியவர் ஏதோ கேட்கிறது என்று சொல்லி, உங்களுக்கு அது கேட்காவிட்டால், எனக்குக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.